என்சினோவின் பனிக்கட்டியும் மண்ணடியில் கிடந்த ஊரும்

1992 மே மாதம் வெளிவந்த ‘என்சினோ மேன்’ என்னும் ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தை வரலாற்று மாணவர் எவரும் பொருட்படுத்துவதில்லை. லாஸ் ஏஞ்சலிசின் என்சினோ பகுதியில் வீட்டின் பின்புறம் நீச்சல்குளம் தோண்டும் பள்ளி மாணவன் ஒருவன், பனிக்கட்டிக்குள் உறைந்த ஆதிமனிதனைக் காண்கிறான். பனி உருகுகிறது, உள்ளிருந்தவன் உயிர் பெற்றெழுகிறான். அவனுக்குச் சட்டை மாட்டிப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்கள். பிரெண்டன் ஃப்ரேசருக்கு இதுவே முதல் பெரிய வேடம். நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

பனியுகப் பனிப்பாளங்கள் என்சினோவை எட்டியதே இல்லை. ஆனால் கேளிக்கைப் படத்திடம் நிலவியல் கேட்பது முறையன்று. அந்நகரில் தொல்லுயிர்களின் எலும்புகளைப் பெருமளவில் காத்து வைத்தது தார். லா பிரேயா தார்க்குழிகளில் 1914இல் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை உடையவை.

என்னை உறுத்துவது வேறொன்று. என்சினோவின் மண்ணடியில் உண்மையாகவே ஓர் ஊர் கிடந்தது. 1769 ஆகஸ்டில் போர்த்தோலா தலைமையிலான ஸ்பானியப் படையினர் அப்பள்ளத்தாக்கில் இறங்கியபோது, அங்கு வாழ்ந்த தொல்குடியினர் அவர்களை எதிர்கொண்டனர். வந்தவர்கள் அங்கிருந்த ஓக் மரங்களைக் கண்டு இட்ட பெயரின் எச்சமே ‘என்சினோ’. ஊராரின் வழக்கிலோ அது சியூட்கங்கா. 1797இல் சான் ஃபெர்னாண்டோ மறைத்தளம் நிறுவப்பட்டபின் அப்பகுதி மக்கள் அதனுள் இழுக்கப்பட்டனர். ஊர் இருந்த இடமே மறந்துபோயிற்று. 1984இல் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு முன்னோடியாக நடந்த அகழாய்வில்தான் அது மீண்டும் வெளிப்பட்டது. படம் வந்தது எட்டே ஆண்டுகள் கழித்து.

அந்த மண்ணைத் தோண்டிய திரைக்கதை கண்டெடுத்தது யாரை? ஒரு வெள்ளையரை. குரங்குக்கும் மனிதனுக்கும் இடையே ‘விடுபட்ட கண்ணி’ என்ற பொருளில் அவனுக்கு ‘லிங்க்’ என்று பெயரிடுகிறார்கள். எஸ்தோனியாவிலிருந்து வந்த பரிமாற்ற மாணவன் என்று பள்ளியில் சேர்க்கிறார்கள். ஓராண்டுக்கு முன்புதான் சோவியத்திடமிருந்து விடுதலை பெற்ற, பார்வையாளர் பலர் வரைபடத்தில் தேட வேண்டிய நாடு. ஆகவே நகைச்சுவைக்கு வசதி. ஆனால் அந்நிலத்தின் மிகப் பழைய குடிமகன் தன் சொந்த மண்ணிலேயே ஐரோப்பிய விருந்தாளியாகப் பதிவு பெறுகிறான் என்பதை அங்கு ஒருவரும் முரணாகக் கருதவில்லை. கதையில் தொல்குடியினர் பேச்சே எழுவதில்லை. எழுத்தாளர்கள் திட்டமிட்டு மறைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை; நினைவுக்கே வரவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அவ்வூரோடு தொடர்புடைய டோங்வா மக்களுக்கும், அண்டையரான ஃபெர்னாண்டேன்யோ ததாவியம் மக்களுக்கும் அமெரிக்கக் கூட்டரசின் அங்கீகாரம் இன்னும் கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் காட்ட வேண்டிய சான்றுகளுள் ஒன்று, தம் சமூகம் இடையறாது தொடர்ந்து வந்துள்ளது என்பது.