பின்னுக்குப் போகிற பட்டன்: பேக்ஸ்பேஸ் சண்டையின் சின்ன வரலாறு

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற ரோட்டில், நுரைச்சோலைக்குக் கிட்ட ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. ஃபோட்டோகொப்பி, ரீலோட், இன்டர்நெட் எல்லாம் அங்கேதான். எங்களில் ஒருத்தியுடைய ராத்தா ஏ.எல். முடித்த வருடம், அந்தக் கடையின் பழைய கொம்பியூட்டரில் ஒரு ஒன்லைன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தா. முகவரியில் ஒரு எழுத்துப் பிழை. அழிக்கலாம் என்று பேக்ஸ்பேஸை அமத்தினா. எழுத்து அழியவில்லை, பக்கம் பின்னுக்குப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் நிரப்பிய பெட்டிகள் எல்லாம் வெறுமை.

"நானா, எல்லாம் போய்ட்டு" என்றா.

கடைக்கார நானா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கர்சர் பெட்டிக்கு வெளிய நின்டிருக்கும் தங்கச்சி. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

அன்றைக்கு எங்களுக்கும் அது ராத்தாவின் கவனக்குறைவு மாதிரித்தான் பட்டது. பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த ஒரு பட்டனுக்காக உலகத்தின் பெரிய பிரௌசர்களை உருவாக்கியவர்களும் பாவித்தவர்களும் வருடக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள் என்று. வரலாறு என்றால் மன்னர்களும் கற்பிட்டிக் கோட்டையும் மட்டும்தானா? ஒரு பட்டனுக்கும் வரலாறு இருக்கலாம்.

முதலில் டைப்ரைட்டர் காலம். அதில் பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்காது. காகிதம் பூட்டிய வண்டியை ஓர் இடம் பின்னுக்குத் தள்ளும், அவ்வளவுதான். "பின் இடம்" என்ற பெயரே அதனால் வந்தது. அழிக்கிற வேலை கொம்பியூட்டர் காலத்தில்தான் அதன் நிரந்தர வேலையானது. அதாவது, ஒரு பட்டனின் அர்த்தம் ஏற்கெனவே ஒரு தடவை மாறியிருக்கிறது.

பிறகு இணையம் வந்தது. 1992இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான லின்க்ஸ், எழுத்து மட்டுமே காட்டுகிற பிரௌசர். மவுஸ் தேவையில்லை. வலது அம்புக்குறியை அமத்தினால் இணைப்புக்குள் போகலாம், இடது அம்புக்குறியை அமத்தினால் முந்திய பக்கத்துக்கு வரலாம். 1993இல் வந்த மொசைக்கோடு படங்களும் மவுஸும் சாதாரண ஆட்களிடம் பரவின. பின்னுக்குப் போக இப்போது திரையிலேயே ஒரு பட்டன் இருந்தது.

பேக்ஸ்பேஸைப் பக்கம் மாற்றுகிற பட்டனாகப் பழக்கியது வின்டோஸ் உலகம். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பேக்ஸ்பேஸை அமத்தினால் முந்திய பக்கம் வரும். வின்டோஸில் ஓடின ஃபயர்பொக்ஸும் அப்படியே. 2008இல் குரோம் வந்தபோது அதிலும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரே விரலில், மவுஸைத் தொடாமல் பின்னுக்குப் போகலாம் என்பதால் நிறையப் பேருக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது.

பிரச்சினை எங்கே? ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. கர்சர் பெட்டிக்குள்ளே இருந்தால் எழுத்தை அழிக்கும். வெளியே இருந்தால் பக்கத்தையே மாற்றும். கர்சர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோ ஒரு மெல்லிய கோடு மட்டும். ஸ்பேஸ் பட்டனுக்கும் இதே இரட்டை வேலை உண்டு: பெட்டிக்குள் இடைவெளி விடும், வெளியே பக்கத்தைக் கீழே உருட்டும். ஆனால் உருட்டினால் திரும்ப மேலே வரலாம், ஒன்றும் தொலையாது. பேக்ஸ்பேஸ் அப்படி இல்லை.

2016இல் குரோம் ஆட்கள் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். பக்கப் பார்வைகளில் 0.04 சதவீதத்தில்தான் பேக்ஸ்பேஸால் பின்னுக்குப் போகிறார்கள். 0.005 சதவீதத்தில் அது ஒரு படிவத்தைத் தொட்ட பிறகு நடக்கிறது. இலேசாகச் சொன்னால், ஒரு இலட்சம் பார்வையில் 40 தடவை பேக்ஸ்பேஸ் பின்னுக்குக் கொண்டுபோகிறது, 5 தடவை யாரோ ஒருவர் நிரப்பியது போயிருக்கலாம். அந்த வருடம் ஜூலையில் வந்த குரோம் 52இல் பழக்கம் நீக்கப்பட்டது. இனி ஆல்ட்டோடு இடது அம்புக்குறி.

எதிர்ப்பு கிளம்பியது. "இருபது வருடப் பழக்கத்தை எப்படிப் பறிப்பீர்கள்?" என்பது ஒரு பக்கம். "மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு ஒற்றைப் பட்டன்தான் வசதி" என்பது இன்னொரு பக்கம். இரண்டாவது வாதத்தை நாங்கள் இலேசாகத் தள்ள மாட்டோம். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்கிற ஒருவருக்கு ஆல்ட்டும் அம்புக்குறியும் சேர்த்து அமத்துவது உண்மையாகவே கஷ்டம். கடைசியில் கூகுளே பழைய பழக்கத்தைத் திருப்பித் தருகிற ஒரு எக்ஸ்டென்ஷனை வெளியிட்டது. ஃபயர்பொக்ஸ் இன்னும் பொறுத்தது. 2021 மார்ச்சில், 87ஆவது பதிப்பில்தான் அதுவும் பேக்ஸ்பேஸை நிறுத்தியது. படிவம் நிரப்புகிறவர்களின் தகவல் தொலையாமல் இருக்கத்தான் என்று காரணமும் சொன்னது. வேண்டியவர்கள் திரும்பப் போட்டுக்கொள்ள, அமைப்புகளுக்குள் ஒரு வழியையும் விட்டுவைத்தது.

இதில் தமிழ் எங்கே வருகிறது? "நுரைச்சோலை" என்று அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள். "ரை" என்பது ரகரமும் ஐகாரக் குறியும் தனித்தனி, "ச்" என்பது சகரமும் புள்ளியும் தனித்தனி. பேக்ஸ்பேஸ் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு குறியைத்தான் அழிக்கும். ஆக, 5 எழுத்தை அழிக்க 10 தடவை அமத்த வேண்டும். அமத்துகிற தடவை கூடக் கூட, கர்சர் வெளியே நிற்கிற நேரத்தில் அமத்துகிற வாய்ப்பும் கூடும். ஆங்கிலத்தில் அடிப்பவரை விட எங்களுக்கு இந்தக் கண்ணி அதிகம். குரோம் சொன்ன அந்த 0.005க்குள் யார் எந்த மொழியில் அடித்தார் என்று பிரிவு இல்லை.

எண்ணிக்கை மட்டும் பேசியிருந்தால் 40 பேர் பக்கம்தான் நியாயம். அவர்களின் சத்தமும் பெரிது. ஆனால் அந்த 40 பேருக்குப் போவது ஒரு வசதி. 5 பேருக்குப் போவது ஒரு மணித்தியாலம், சில வேளை ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள். வீட்டில் மடிக்கணினி உள்ளவர் சலிப்போடு மறுபடி நிரப்புவார். கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவருக்கு, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாதவருக்கு அது வேறு நட்டம். இந்தத் தடவை சின்ன எண்ணின் பாரம் கணக்கில் எடுக்கப்பட்டது.

எங்களுக்கு இது முக்கியம். புத்தளம் கரையோரத்தில் தமிழ் பேசுகிற நாங்கள் "கொஞ்சப் பேர்தானே" என்ற பதிலைக் கேட்டு வளர்ந்தவர்கள். தமிழ்ப் படிவம் சரியாக வேலை செய்யவில்லை என்றாலும் அதே பதில்தான் வரும். அடுத்த தடவை அப்படிச் சொன்னால், எத்தனை பேர் என்பதோடு என்ன தொலைகிறது என்றும் கேட்கலாம்.

ராத்தா அன்றைக்கு முதலிலிருந்து நிரப்பித்தான் அனுப்பினா. கடைக்கார நானா இரண்டாவது மணித்தியாலத்துக்குக் காசு எடுக்கவில்லை. நல்ல மனுசன். ஆனால் அவர் சொன்ன "எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்பதை மட்டும் எங்களால் இப்போது ஏற்க முடியவில்லை. எல்லாருக்கும் நடக்கிறது என்றால், பிழை ராத்தாவின் விரலில் இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது தொலைந்திருந்தால் எழுதுங்கள்.