வபாரின் இரும்பும் ஊர் பெயரற்ற கற்களும்

உலகில் விண்கற்கள் கண்டெடுக்கப்பட்ட இடங்களைப் புள்ளிகளாகக் குறித்த வரைபடம் ஒன்றைப் பார்ப்பவர் தவறான முடிவுக்கு வருதல் எளிது. அண்டார்க்டிகாவின் பனிவெளியிலும் சகாராவிலும் ஓமானின் பாலையிலும் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கின்றன. காங்கோ, அமேசான் காடுகளோ ஏறத்தாழ வெறுமையாக உள்ளன. வானம் பாலைவனங்களின் மீது மட்டும்தான் கல்லெறிகிறதோ என்று ஐயம் எழும்.

உண்மை அதுவன்று. விண்கற்கள் பூமியெங்கும் பெரிய வேறுபாடின்றியே விழுகின்றன. கடலில் விழுந்தவை போக, மழைக்காட்டில் விழுந்தவை சேற்றிலும் தழையிலும் மறைந்து துருவேறி மண்ணாகிவிடுகின்றன. வறண்ட மணலில் அவை பல்லாயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன; வெளிர்நிறத் தரையில் கருங்கல் ஒன்று கிடந்தால் கண்ணில் படாமல் போகாது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இத்தனை புள்ளிகள் இருப்பதற்கு ஹார்வி நைனிங்கர் என்பவர் ஊர் ஊராகச் சென்று, ஏர் உழும்போது அகப்படும் கனத்த கற்களைத் தூக்கி எறியவேண்டாம் என்று உழவர்களிடம் சொல்லிவைத்தது ஒரு முக்கியக் காரணம். ஆக, இவ்வரைபடம் வானத்தைப் பற்றிச் சொல்வதைவிடத் தரையைப் பற்றியும் மனிதரைப் பற்றியுமே அதிகம் சொல்கிறது. முறையாகப் பெயரிட்டுப் பதியப்பட்டுள்ள விண்கற்கள் 70,000க்கும் மேல். அவற்றுள் விழுவதைக் கண்டவர் சாட்சியத்தோடு எடுக்கப்பட்டவை ஏறத்தாழ 1,300 மட்டுமே.

அத்தகைய சாட்சியம் ஒன்று நம் வரலாற்றேடுகளில் இருக்கிறது. ஹிஜ்ரி 1030இல், அதாவது 1621ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜலந்தர் பகுதியின் சிற்றூர் ஒன்றில் அதிகாலையில் பேரோசையுடன் ஒளிப்பிழம்பு விழுந்தது. அப்பகுதி அதிகாரியான முஹம்மது ஸயீது நேரில் சென்று, புல் கருகிக் கிடந்த நிலத்தைத் தோண்டச் செய்தார். ஆழம் போகப்போக வெப்பம் கூடியது. அகப்பட்ட இரும்பைப் பையிலிட்டு முத்திரையிட்டு அரசவைக்கு அனுப்பினார். பேரரசர் ஜஹாங்கீர் தம் முன்னிலையில் அதை நிறுக்கச் செய்தார். 160 தோலா இருந்தது. உஸ்தாத் தாவூது என்னும் கொல்லர் அதைச் சம்மட்டியால் அடித்தபோது அது நொறுங்கியது. பின்னர் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து இரண்டு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் வடித்தார். இவை யாவும் துஸுகே ஜஹாங்கீரீயில் பதிவாகியுள்ளன. அக்கத்தி இன்று வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. வானிலிருந்து கல் விழும் என்பதை ஐரோப்பிய அறிஞர் பலர் நகைத்து ஒதுக்கிய நிலை, 1803இல் பிரான்ஸின் லேகிள் ஊரில் பெய்த கல்மாரியை ஷான் பத்திஸ்து பியோ நேரில் ஆராய்ந்த பிறகே மாறியது. கற்கள் சிதறிய பரப்பு ஒரு நீள்வட்டம் என்று அவர் வரைந்து காட்டினார். ஜலந்தர் அதிகாரி படம் வரையவில்லை. ஆயினும் நாள், இடம், எடை ஆகிய மூன்றும் அவ்வேட்டில் இருக்கின்றன. விண்கல் ஆய்வுக்கு இன்றும் முதற்கண் தேவைப்படுபவை இவையே.

அரபு நாட்டில் கதை வேறு விதமாக நடந்தது. ருப்உல் காலீ பெருமணலின் நடுவே ‘அல்ஹதீதா’ என்றோர் இடம் உண்டென்றும் அங்கே ஒட்டகம் அளவுள்ள இரும்பு கிடக்கிறது என்றும் பாலை அரபிகள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தனர். அதே இடத்தில் ஆது கூட்டத்தாரின் நகரான வபார் வானத்து நெருப்பால் எரிந்தது என்ற கதையும் வழங்கியது. (இறைமறை ஆதின் அழிவுக்குக் கூறும் காரணம் கடுங்காற்று. நெருப்பு மக்கள் கதையில் சேர்ந்தது.) 1932இல் அப்துல்லாஹ் ஃபில்பி அந்நகரைத் தேடி ஒட்டகத்தில் புறப்பட்டார். தொலைவில் சுவர் போன்று தெரிந்ததை நெருங்கியபோது இடிந்த மாளிகை இல்லை. மணலில் குழிந்த பள்ளங்களின் விளிம்புகளே இருந்தன. எரிமலை வாய் என்று முதலில் எண்ணினார். சுற்றிலும் சிதறிக் கிடந்த கருநிறக் கண்ணாடி மணிகளை உடன்வந்தவர்கள் ஆது மன்னனின் மனைவியர் அணிந்த முத்துக்கள் என்று பொறுக்கிக்கொண்டனர். ஃபில்பி கொண்டுவந்த இரும்புத் துண்டையும் கண்ணாடியையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஸ்பென்சர் ஆராய்ந்தார். இரும்பில் நிக்கல் கலந்திருந்தது. கண்ணாடியோ, மோதலின் வெப்பத்தில் பாலை மணல் உருகி உறைந்தது. நகரைத் தேடிப்போனவர் ஏமாந்தார். ஆனால் இரும்பைப் பற்றி அரபிகள் சொன்னது பொய்யாகவில்லை. 1966இல் தாமஸ் ஏபர்குரோம்பி அங்கே சென்றபோது, காற்று மணலை அகற்றியிருக்க, ஏறத்தாழ 2,000 கிலோ எடையுள்ள இரும்புப் பாளம் வெளியே தெரிந்தது. அது இன்று ரியாதில் காட்சிக்கு இருக்கிறது. பெரிய பள்ளத்தின் விட்டம் 116 மீட்டர். ஃபில்பி காலத்தில் 12 மீட்டர் ஆழமிருந்த அப்பள்ளத்தை மணல் பின்னர் பெரும்பாலும் நிரப்பிவிட்டது.

வபாரைப் பற்றிப் பேசும்போது ஹஜருல் அஸ்வத் பேச்சும் வந்துவிடுகிறது. அது விண்கல்லாகலாம் என்று 1857இல் பால் பார்ட்ஷ் எழுதினார். 1980இல் எல்செபெத் தாம்சன் அது வபார்க் கண்ணாடியாக இருக்கக்கூடும் என்றார். அக்கல் முறையான ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டதில்லை. ஆதலால் முதற்கருத்து ஊகமாகவே நிற்கிறது. இரண்டாவதற்கோ இன்று இடமே இல்லை. உருகிய மணலின் ஒளிர்வைக் கொண்டு 2004இல் வெளியான காலக்கணிப்பு வபார் மோதலுக்கு ஏறத்தாழ 290 ஆண்டு வயதே தருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன்பே தம் கையால் கஅபாவில் எடுத்துவைத்த கல் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. இதை அறியாமல் பழைய ஊகத்தையே நம்மவரும் பெருமையாக எடுத்தெழுதி வருவது வருந்தத்தக்கது.

ஓமானில் 2001 முதல் சுவிஸ் அறிஞரும் ஓமானிய அரசும் கூடி ஒவ்வொரு கல்லுக்கும் கிடந்த இடத்தைக் குறித்தே எடுத்துவருகின்றனர். சகாராவின் நிலை அதுவன்று. விண்கல்லுக்கு அது கிடைத்த இடத்தின் பெயரை இடுவதே மரபு. நாடோடிகள் பொறுக்கி மொராக்கோ சந்தைகளில் கைமாறும் கற்களுக்கு அவ்வாறு சொல்ல ஊரில்லை. எனவே ‘வடமேற்கு ஆப்பிரிக்கா’ என்னும் பொதுப்பெயரும் ஓர் எண்ணும் இடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கற்கள் இப்படி இடமற்றுப் போயின. வரைபடத்தில் அவற்றுக்குப் புள்ளி வைக்க வழியில்லை. பொறுக்கியவருக்குக் கிடைத்தது சிறு கூலி. 2023 நவம்பரில் நைஜரின் அகாதெஸ் பகுதியில் எடுக்கப்பட்ட 24.67 கிலோ கல், பூமியில் அறியப்பட்ட செவ்வாய்க் கோளின் கற்களிலேயே மிகப் பெரியது. 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் அது ஏறத்தாழ 53 இலட்சம் டாலருக்குப் போயிற்று. கல் எவ்வாறு நாட்டை விட்டு வெளியேறியது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது. பதிவேட்டில் அதன் பெயர் வடமேற்கு ஆப்பிரிக்கா 16788.