சங்கு அறுத்த ஊரும் சங்கு விற்கும் தீவும்

ராமேஸ்வரம் போய் வந்தவர்கள் வீட்டில் ஒரு சங்காவது சிப்பி மாலையாவது இருக்கும். சமயநல்லூரில் என் வீட்டிலும் உண்டு. அந்தச் சங்குக்கும் நம் மதுரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

நக்கீரர் கதை நமக்கெல்லாம் தெரியும். பாட்டில் குற்றம் கண்ட அவரை, சங்கறுக்கும் குலத்தவர்தானே என்று இறைவனே ஏளனம் செய்தாராம். பிச்சை எடுப்பதைவிட அது மேல் என்றாராம் நக்கீரர். கதை இருக்கட்டும். மதுரைக்காஞ்சியும் நம் கடைவீதியில் சங்கை அறுத்து வளை கடைந்தவர்களைச் சொல்கிறது. கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகளும், கீழடியில் சங்கு வளையல் துண்டுகளும் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

பிற்காலத்தில் இங்கே சங்கு வளையல் அணியும் வழக்கம் அருகிப்போயிற்று. வங்காளத்தில் போகவில்லை. நமக்குத் தாலி எப்படியோ, அங்கே மணமான பெண்ணுக்குச் சங்கு வளை அப்படி. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியே தனி நூல் எழுதினார். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கு, கல்கத்தா வழியாக டாக்கா போய் அங்கே வளையலாயிற்று.

அதே 1914இல்தான் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பஸ்ஸும் காரும் தீவுக்குள் போக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தீவில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, நீலமும் பச்சையும் சிவப்புமாக நிற்கும் விசைப்படகுகள். இன்னொன்று சிப்பிக் கடைகள். கடலிலிருந்து வரும்போது சங்கு பழுப்புத் தோலோடு அழுக்காகத்தான் இருக்கும். தோலை நீக்கித் தேய்த்த பிறகே அந்த வெண்மை. நான் பிரெஞ்சில் படித்தவன்; பள்ளியில் ‘கொகீய்’ என்ற ஒரே சொல்லில் எல்லா ஓட்டையும் அடக்கிவிட்டார்கள். இங்கே கடைக்காரம்மா பால்சங்கு, ஐவிரல் சங்கு, சோழி, முத்துச்சிப்பி என்று தனித்தனியாகச் சொல்கிறார். வழக்கமான சங்கு இடம்புரி. வலம்புரி வெகு அபூர்வம்.

கடையில் சங்கின்மேல் பெயர் பொறித்துத் தருகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் ரம்பம் வைத்து வளை அறுத்த தொழில் நம் ஊரில் பாட்டிலும் மண்ணிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாம் கைவிட்டதை வங்காளத்துப் பெண்களின் கை காப்பாற்றியது. வாங்குபவர் இருந்தால்தான் தொழில் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குச் சங்கு வாங்கித் தரும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.