சாகண் சந்தையும் வலிய வண்டிகளும்

உழவருக்கு எதற்கு இத்தனை குதிரைத்திறன் கொண்ட வண்டி என்னும் வினா பெரும்பாலும் நகரத்தில்தான் எழுகிறது. விளம்பர மயக்கம், ஊரில் மதிப்பு, ஆண்மைப் பெருமிதம் என்று விடையையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் புணேக்கு வடக்கே, நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சாகண் வட்டாரத்தின் வரலாற்றைப் படித்தால் இவ்விடை போதாது என்பது விளங்கும்.

சாகண் இன்று வாகனத் தொழிற்சாலைகளின் ஊர். 2009இல் ஃபோக்ஸ்வாகன் ஆலையும், 2010இல் மகிந்திரா ஆலையும் அங்கே திறக்கப்பட்டன. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது வெங்காயச் சந்தை. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1660இல் சாயிஸ்தகான் முற்றுகையிட்ட தரைக்கோட்டை. மலைக்கோட்டைகள் மலிந்த நாட்டில் சமதரையில் ஒரு கோட்டை எழுந்ததற்குக் காரணம் வழி. மேற்கே கொங்கணக் கடற்கரையிலிருந்து சகியாத்திரியில் ஏறி வருவோரும் சரக்கும் கடக்கும் நிலப்பரப்பு அது.

அந்த ஏற்றம்தான் இவ்வரலாற்றின் மையம். சுன்னரை அடுத்த நாணேகாட் கணவாயில் சாதவாகனர் கல்வெட்டு உண்டு. பெருவணிகம் நடந்த பாதை அது. ஆயினும் அங்கே வண்டி ஏறாது. ஏறியவை பொதிமாடுகளும் மனிதத் தோள்களும். தக்காணத்துத் தானியப் போக்குவரத்தைப் பஞ்சாரர்கள் பெரும் பொதிமாட்டு மந்தைகளால் நடத்தினர். 1803ஆம் ஆண்டு மராட்டியப் போரில் ஆர்தர் வெல்லெசுலியின் படையும் தானியத்துக்கு அவர்களையே நம்பியிருந்தது. ஒரு பெரும் வலிமை தேவைப்பட்ட இடத்தில், அதை நூற்றுக்கணக்கான முதுகுகளுக்குப் பங்கிட்ட ஏற்பாடு என்று இதைக் கொள்ளலாம்.

1830இல் போர்காட் வழியே வண்டிச்சாலை திறந்தது. 1863இல் இருப்புப்பாதை அம்மலையை ஏறியது. அதன் சரிவு 37க்கு 1. இன்றும் கர்ஜத்திலிருந்து லோணாவளாவுக்கு ஏறும் தொடர்வண்டிகளைப் பின்னிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. ஆனால் அப்பாதை புணேயைத் தொட்டுச் சோலாப்பூர்ப் பக்கம் போய்விட்டது. சாகணும் சுன்னரும் விடுபட்டன. புணேக்கும் நாசிக்குக்கும் இடையே நேரடி இருப்புப்பாதை இன்றளவும் இல்லை, திட்டங்கள் உண்டு. ஆகவே இவ்வட்டார வெங்காயம் முழுவதும் சக்கரத்தின் மேல், சாலை வழியேதான் சந்தை சேர வேண்டும்.

சாலைக்கு முன்னே வயல் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மழைநாளில் நடந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தக்காணக் கரிசலும் அதே மண்தான். வயல்களுக்கிடையே செல்லும் ஒற்றையடி வண்டித்தடத்தை மராத்தியில் பாணந்த் என்பர். மழைக்காலத்தில் பாணந்த் என்பது பாதையன்று, சேறு.

1948 சூன் 1 அன்று அரசுப் பேருந்து புணேக்கும் அகமதுநகருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பேருந்துக்குச் சாலை வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு முன்னே, 1947இல், மகிந்திரா வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தது. சாலையற்ற போர்க்களத்துக்கென வடிவமைத்த வண்டி அது. கிராமம் அதை ஏற்றது அக்குணத்துக்காகவே; வேகத்துக்காக அன்று, மெதுவாக ஊர்ந்தேனும் சேற்றிலிருந்து வெளிவரும் இழுவிசைக்காக. பின்னர் வந்த டெம்போ டிராக்ஸ், பொலேரோ ஆகியவை இதே வழியில் வந்தவை.

நகரத்தில் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வண்டி இருக்கிறது. நோயாளிக்கு ஆம்புலன்சு, சரக்குக்கு லாரி, திருமணத்துக்கு வாடகைப் பேருந்து. வயலிடையே வசிக்கும் குடும்பத்துக்கு இருப்பதோ ஒரே வண்டி. வெங்காய மூட்டை ஏறுவதும், நள்ளிரவில் பேறுகாலப் பெண்ணை ஓடை கடந்து கொண்டுசேர்ப்பதும் அதுவே. எனவே அவர்கள் ஆண்டின் சராசரி நாளுக்கு வண்டி வாங்குவதில்லை. மிக மோசமான நாளுக்கு வாங்குகிறார்கள். சராசரி நாளில் பார்க்கும் நகரத்தாருக்கு அது மிகையாகத் தெரிகிறது.

2000ஆம் ஆண்டில் பிரதமரின் ஊரகச் சாலைத் திட்டம் வந்தது. சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்பு என்பது அதன் தொடக்க அளவுகோல். வயலுக்குள் நான்கு வீடுகளாகச் சிதறிய வஸ்திகள் அவ்வளவில் அடங்கா. சாலை போடாததால் அரசுக்கு மிஞ்சிய செலவை, உழவர் வண்டிக் கடனின் மாதத் தவணையாகவும் டீசலாகவும் கட்டுகிறார். நிலமற்றவருக்கு அந்தத் தெரிவும் கிடையாது. அவர் பிறர் ஜீப்பில், மராத்தியர் 'வடாப்' என்றழைக்கும் பங்குப் பயணத்தில், பின்படியில் தொங்கியபடி கட்டணம் கொடுக்கிறார்.

சாலை வரலாற்றை ஒரு துறையும் வேளாண் கடன் வரலாற்றை மற்றொரு துறையும் தனித்தனியே எழுதி வருகின்றன. ஒரு தாலுகாவின் கூட்டுறவு வங்கிகளில் உள்ள வண்டிக் கடன் பதிவேடுகளையும், அதே ஆண்டுகளுக்கான பொதுப்பணித் துறைச் சாலைக் கணக்குகளையும் அருகருகே வைத்துப் படிக்க முனைவர் பட்ட மாணவர் எவரேனும் முன்வந்தால், சாகண் சந்தைக்கு வெங்காயம் அனுப்பும் ஊர்களிலிருந்து தொடங்கலாம்.