வாலில்லா ஜெட் மாதிரிகளின் நிலைத்தன்மை: கரிசல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

விமானம் தலைகுத்தாமலும் பக்கவாட்டில் அலையாமலும் பறக்க வால் பகுதி பெரிதும் உதவுகிறது. வாலை நீக்கினால் எடையும் காற்றின் தடையும் குறையும். ரேடாரில் தென்படுவதும் குறையும். ஆனால் நிலைத்தன்மை போய்விடும். அதை ஈடுகட்டும் பொறுப்பு இறக்கையின் வடிவத்திலிருந்து கணினிக்கு நகர்ந்த வரலாற்றையும், கரிசல் மண் நிறைந்த கோவில்பட்டி வட்டாரத்தில் மாதிரி விமானம் செய்ய முனைவோருக்கு அது தரும் பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவத்தின் காலம்

1910இல் பிரிட்டனின் ஜே. டபிள்யூ. டன், பின்சாய்ந்த இறக்கையின் நுனிகளைச் சற்றே முறுக்கி, அவற்றையே வாலின் வேலையைச் செய்ய வைத்தார். அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் எக்ஸ்பி-35 குண்டுவீச்சு விமானத்துக்கு முன்னோட்டமாக, மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள என்-9எம் விமானத்தை 1942இல் பறக்கவிட்டது. 1947இல் அதே வடிவம் ஒய்பி-49 என்னும் ஜெட்டாக மாறியபோது சிக்கல் எழுந்தது. பின்புறப் புரொப்பல்லர்கள் தந்துவந்த திசை நிலைத்தன்மை அவற்றோடு போயிற்று. நான்கு சிறிய செங்குத்துத் துடுப்புகளைப் பொருத்திய பிறகும் பக்கவாட்டு அலைவு முழுதாக அடங்கவில்லை.

கணினியின் காலம்

அலைவை உணர்ந்து நொடிக்குப் பலமுறை திருத்தும் மின்னணுக் கட்டுப்பாடு வந்ததும் நிலைமை மாறியது. 1997இல் பறந்த எக்ஸ்-36, முழு அளவில் 28 விழுக்காடே உள்ள வாலில்லா ஜெட். விமானி தரையிலிருந்து இயக்கினார். 2007இல் மூன்று சிறிய ஜெட் எஞ்சின்களுடன் பறந்த எக்ஸ்-48பி, 8.5 விழுக்காட்டு மாதிரி.

இந்தியாவில், கிடைவால் இல்லாத தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று கணினிக் கட்டுப்பாட்டுடன் பறந்தது. செங்குத்து வாலும் இல்லாத ஆளில்லா ஜெட்டான ஸ்விஃப்ட், 2022 ஜூலை 1 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் தானே எழும்பித் தானே தரையிறங்கியது. அதற்கான உள்மடங்கும் சக்கர அமைப்பை உருவாக்கியது ஆவடியிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகம்.

அளவு குறையும்போது

மாதிரி சிறிதாகும்போது பறப்பு எளிதாவதில்லை. இயக்க ஒப்புமை விதிப்படி ஒன்பதில் ஒரு பங்கு மாதிரியின் எடை 729இல் ஒரு பங்காக இருக்க வேண்டும்; வேகம் மூன்றில் ஒரு பங்காகும்; அலைவோ மூன்று மடங்கு விரைவாக நிகழும். ரிமோட்டைப் பிடித்த கை அதற்கு ஈடுகொடுப்பது கடினம். எனவே அலைவை உணரும் கருவியான கைரோ தேவைப்படுகிறது. ஆனால் கைரோ மட்டும் போதாது. ஈர்ப்பு மையம், தூக்குவிசையின் மாற்றம் மையங்கொள்ளும் இடமான நடுநிலைப் புள்ளிக்கு முன்னால் இருக்க வேண்டும். எரிபொருள் தீரத்தீர அது இடம் மாறாதிருக்க, டேங்கை ஈர்ப்பு மையத்திலேயே அமைக்க வேண்டும். சிறிய ஜெட் எஞ்சின் வேகமெடுக்கச் சில நொடிகள் பிடிப்பதால், தரையிறங்கும்போது எஞ்சினை ஒரேயடியாகத் தணித்துவிடக் கூடாது.

கரிசலின் காற்று

கோவில்பட்டியை அடுத்த கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அமைந்ததே இவ்வட்டாரக் காற்றின் வலிமைக்குச் சான்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும். காற்றாலைக்கு அது விளைச்சல் காலம். முதல் பறப்புக்கு ஏற்றதல்ல. வெயிலேறியதும் கரிசல் மண்ணிலிருந்து எழும் வெப்பக் காற்றும் சிறிய மாதிரியைத் தூக்கிப் போடும். மழை ஓய்ந்த மாதங்களின் அதிகாலையே தக்க வேளை. அனுமதியைப் பொறுத்தவரை, 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்விக்காகவோ ஆய்வுக்காகவோ கண்பார்வை எல்லைக்குள் பறக்கும் மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் கூறுகின்றன.

முடிவு

கணினி வந்ததால் வடிவத்தின் பங்கு அற்றுப்போகவில்லை. எக்ஸ்-36 போல நிலைத்தன்மையற்ற வடிவத்தைக் கணினியை மட்டும் நம்பிப் பறக்கவிடுவது பெரும் ஆய்வகங்களுக்கே இயலும். நம் பொறியியல் மாணவர்கள் முதலில் எஞ்சின் இல்லாத கிளைடராகச் செய்து ஈர்ப்பு மையத்தை உறுதிசெய்து, பிறகு மின்விசிறி எஞ்சின், கடைசியில் ஜெட் என்ற வரிசையில் செல்வதே தக்கது.