செஞ்சி: மதில்களில் படிந்த நூற்றாண்டுகள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை செஞ்சிக் கோட்டைக்கு ஊடாகவே செல்கிறது. வலப்புறம் கிருஷ்ணகிரி, இடப்புறம் ராஜகிரி. மக்கள் வாயில் இது தேசிங்குராஜன் கோட்டை. 1714இல் களத்தில் இறந்த அவன் ஆண்டதோ சில மாதங்களே! கதைப்பாடலின் வலிமை அத்தகையது.

கோட்டையைத் தொடங்கியவர்கள் கோனார்கள் என்கிறது மரபு. ஆடுமாடு மேய்த்தவர்களின் குன்று என்பது எனக்குப் பிடித்தமான தொடக்கம். இன்று நாம் காணும் களஞ்சியங்களும் குளங்களும் பெரும்பாலும் நாயக்கர் காலத்தவை. 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, நெடிய முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கைகள் மாறின. வந்தவர்கள் இடித்ததைவிட ஒட்டவைத்ததே அதிகம். சிவாஜி மதில்களை வலுப்படுத்தினார். நவாப் சாதத்துல்லாகான் பெயரால் 1717-18இல் ஒரு மசூதி எழுந்தது.

ஆனால் பாணியை வைத்துக் காலத்தைச் சொல்லிவிட முடியுமா? கல்யாண மகாலைப் பாருங்கள். சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக உயரும் கோபுரம். வளைவுகள் இஸ்லாமியக் கட்டடக்கலையின் வழிவந்தவை, கூம்பிய உச்சியோ கோயில் விமானத்தை நினைவூட்டுவது. கீழே ஒருவர், மேலே இன்னொருவர் கட்டியதென எண்ணத் தோன்றும். தேவையில்லை. ஹம்பியின் தாமரை மகாலிலேயே இந்தக் கலப்பு நிகழ்ந்துவிட்டது. விஜயநகரக் கொத்தர்கள் சுல்தானிய வளைவைத் தமதாக்கிக்கொண்டவர்கள். கல்லில் தெரியும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு படையெடுப்பின் கணக்கில் எழுதுவது நம் பாடநூல் பழக்கம்.

2025இல் யுனெஸ்கோ மராத்தியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழகத்திலிருந்து செஞ்சி மட்டும். மகிழ்ச்சிதான்; பராமரிப்புக்கு அது உதவட்டும். எனினும் மராத்தியர் இங்கிருந்தது இருபத்தோராண்டுகள். கோனார்களையும் நாயக்கர்களையும் அந்தத் தலைப்புக்குள் எங்கே வைப்பது? தேசிங்கின் பெயர் மறைத்ததைப் போலவே இந்தப் பெயரும் மறைக்கத் தொடங்கினால், களஞ்சியம் கட்டிய கைகள் இரண்டாம் முறையாக மறக்கப்படும்.

வேங்கடரமணர் கோயிலின் ஒற்றைக்கல் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துச் சென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தாம். உப்புக்காற்றில் அவற்றின் சிற்பங்கள் மழுங்கி வருகின்றன. மாலையில் அவற்றின்மீது சாய்ந்து சுண்டல் தின்பவர்களிடம் யாரும் செஞ்சியைப் பற்றிச் சொல்வதில்லை.