மட்டாஞ்சேரியும் மோட்டார் லாரியும்

மட்டாஞ்சேரிக்கு வருவோர் போர்த்துகீசியர் 1555-ஆம் ஆண்டில் கொச்சி மன்னருக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனையைக் காண்கின்றனர். 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஜெப ஆலயத்தின் நீலவண்ணத் தரை ஓடுகளை வியக்கின்றனர். இவற்றின் அருகே, காயலை ஒட்டிச் செல்லும் பஜார் சாலையில் மூட்டை ஏற்றி நிற்கும் பழைய லாரியை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆயினும் அந்த லாரிக்கும் ஒரு வரலாறு உண்டு. மோட்டார் வாகன வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் வாகனத்தைச் செய்தவர்களின் கதையையே எழுதுகின்றனர். அது நின்றுவிட்ட இடத்தில் குனிந்து, ஏன் நின்றது என்று கண்டறிந்து, மீண்டும் ஓடவைத்தவர்களின் கதை ஏட்டில் ஏறுவது அரிது. பழைய லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் வழக்கமாக வரும் நோய்கள் யாவை, அவற்றைக் கண்டறியும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கொச்சியை முன்னிறுத்தி நாம் இங்கு ஆராய்வோம்.

முதலில், மட்டாஞ்சேரிக்கு லாரி வந்தது எவ்வாறு? நெடுங்காலமாக இவ்வூரின் வாணிகம் நீர்வழியிலேயே நடந்தது. பண்டகசாலைகளின் ஒரு வாயில் சாலையை நோக்கியும், மறு வாயில் காயலை நோக்கியும் அமைந்திருப்பதே அதற்குச் சான்று. வள்ளங்களில் வந்த சரக்கு பின்வாயிலில் இறங்கிற்று. 1902-இல் சோரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு ரயில் வந்தது. 1920-இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் துறைமுக வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்திற்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொண்டே வெல்லிங்டன் தீவு உருவாயிற்று. தீவையும் இருபுறத்து நிலத்தையும் பாலங்கள் இணைத்தபின், மலைநாட்டு மிளகும் ஏலமும் தேயிலையும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த தமிழ்நாட்டுச் சரக்கும் சக்கரங்களின்மேல் மட்டாஞ்சேரியை எட்டின. பின்வாயிலின் வேலை குறைந்தது. முன்வாயிலின் வேலை பெருகிற்று.

இவ்வாறு வந்த லாரிக்கு முதற்சோதனை இரண்டாம் உலகப்போர். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தமையால், நாடெங்கும் பேருந்துகளிலும் லாரிகளிலும் கரியடுப்புகள் பொருத்தப்பட்டன. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் பிறக்கும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்துவதே அம்முறை. வண்டி ஓடிற்று, ஆனால் இழுவை கணிசமாகக் குறைந்தது. சாம்பலும் தாரும் வடிகட்டிகளை அடைத்தன. மேட்டில் வண்டி திணறியபோது, குறை எரிபொருளிலா, காற்றுப் பாதையிலா, எஞ்சினிலா என்று பிரித்துப் பார்க்கும் கட்டாயம் ஏற்பட்டது. பழுது பார்க்கும் கலையின் முதற்பாடம் இந்தப் பிரித்தறிதலே.

போர் முடிந்ததும் இராணுவத்தின் உபரி வாகனங்கள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து போர்க்காலத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1945-இல் தொடங்கப்பெற்று, பின்னர் மகீந்திரா அண்டு மகீந்திரா எனப் பெயர்கொண்ட நிறுவனம் 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிற்று. இன்று பெருவாகனங்களாக நாம் காணும் பொலேரோ முதலியவற்றின் மூதாதை இதுவே. ஏலத் தோட்டங்களின் கரடுமுரடான பாதைகளில் இந்த ஜீப் ஏறிய இடங்களுக்கு வேறு மோட்டார் ஏற இயலவில்லை.

பெட்ரோல் எஞ்சின் கிளம்பவில்லையெனில் பட்டறையில் மூன்று கேள்விகள் எழும். எரிபொருள் வருகிறதா? தீப்பொறி பிறக்கிறதா? சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கிறதா? இவற்றை வரிசையாகக் கேட்பவன் அரைமணியில் குறையைக் காண்பான். வரிசை தவறுபவன் நாள் முழுதும் உழல்வான். போர்க்கால ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட் மட்டுமே கொண்டது. பாட்டரியிலிருந்து சட்டத்திற்குச் செல்லும் ‘எர்த்’ இணைப்பில் சிறிது துரு ஏறினாலும், ஸ்டார்ட்டர் சோம்பிச் சுழலும். கொச்சியின் உப்புக்காற்றில் துருவுக்குப் பஞ்சமில்லை. பாட்டரி பழுது என்று புதியது வாங்கிப் போட்டும் வண்டி கிளம்பாதிருக்கும். அந்த இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினால் பழைய பாட்டரியே போதுமானதாக இருக்கும். கோடையில் மலையேறும்போது ஜீப் திடீரென நின்றுபோவதும் உண்டு. வெப்பத்தால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் பாதையை அடைத்துவிடுவதே காரணம். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிச் சற்றுநேரம் காத்திருந்தால் போதும். இதை அறியாதார் பம்பையே மாற்றிச் செலவு செய்தனர்.

அடுத்த திருப்பம் டீசல். 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம், ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு லாரிகளைச் செய்யத் தொடங்கிற்று. சென்னைக்கு அருகே எண்ணூரில் 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. டீசலைத் துளித்துளியாக அளந்து பீச்சும் பம்புகளைச் செய்ய, போஷ் நிறுவனத்தின் தொடர்போடு 1951-இல் பெங்களூரில் மைக்கோ தொழிற்சாலை தோன்றிற்று. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கும். ஆகவே பெட்ரோல் வண்டியின் மூன்று கேள்விகளில் ஒன்று மறைந்தது. அதனிடத்தில் புதியதொன்று தோன்றிற்று. குழாயில் காற்று புகுந்ததா என்பதே அது.

டீசல் தீரும்வரை ஓட்டிவிட்டாலோ, வடிகட்டியின் வாசர் தேய்ந்தாலோ, குழாய்க்குள் காற்று புகும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. அதனால் பம்பு தள்ளியும் எரிபொருள் சீறாது. கைப்பம்பை அடித்து, வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, குமிழிகள் நின்று டீசல் மட்டும் வழியும்வரை விடவேண்டும். ஓட்டுநர்கள் இதை ‘ஏர் எடுப்பது’ என்பர். இனி, ஓடும் எஞ்சின் குலுங்குமாயின், ஒவ்வொரு சிலிண்டரின் டீசல் குழாய் நட்டையும் முறையே சிறிது தளர்த்துவர். எந்த நட்டைத் தளர்த்தும்போது எஞ்சினின் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. ஏனையவை குறையற்றவை என்பதும் உடன் தெளிவாகும்.

புகையும் ஒரு மொழியே. கரும்புகை, எரிபொருள் மிகுந்ததையோ காற்று குறைந்ததையோ காட்டும். முதலில் பார்க்கவேண்டியது காற்று வடிகட்டி. நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் ரிங்குகளையோ வால்வுகளையோ ஐயுறவேண்டும். வெண்புகை நெடுநேரம் நீடித்து, ரேடியேட்டர் நீரும் குறையுமாயின், சிலிண்டருக்குள் நீர் கசிகிறது என்று கொள்ளலாம்.

ஆனால் இம்மொழியையும் இடமறிந்தே பொருள் கொள்ளவேண்டும். மட்டாஞ்சேரி கடல்மட்டத்தில் உள்ளது. 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தைக் கடந்து மூணாறு செல்லும் லாரி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே நன்றாக ஓடிய பழைய டீசல் வண்டி மேலே சற்றுக் கரும்புகை விட்டு இழுவை குறைவது இயல்பு, அது நோயன்று. அதைக் கண்டு பம்பைத் திருகிவிட்டால், கீழே இறங்கியதும் புதிய நோய் தொடங்கும். அவ்வுயரத்தில் நீர் ஏறக்குறைய 95 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து, அக்கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்த வண்டி, சமவெளியில் குறையின்றி ஓடி மலையில் கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றுமுன் மூடியைப் பார்ப்பது அறிவுடைமை.

இறக்கத்தில் வரும் குறை உயிருக்கே உலை வைப்பது. பிரேக்கை ஓயாது மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்று மூத்த ஓட்டுநர் இளையோருக்குச் சொன்ன விதி இதிலிருந்தே பிறந்தது. காற்றழுத்த பிரேக் உள்ள லாரிகளில், காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரை வடித்துவிடவேண்டும். ஈரம் மிகுந்த கொச்சியில் அது விரைவில் சேரும். அடிச்சட்டத்தை ஒட்டிச் செல்லும் பிரேக் குழாய்களையும் வில் பட்டைகளையும் உப்புக்காற்று மறைவாக அரிக்கும். எஞ்சின் நின்றால் வண்டிதான் நிற்கும். பிரேக் தவறினால் வண்டி நில்லாது. எதை முதலில் சோதிக்கவேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இவ்வறிவு நூல் வழியாகப் பரவியதன்று. உற்பத்தியாளரின் கையேடுகள் ஆங்கிலத்தில் வந்தன. பட்டறைச் சிறுவனோ ஆங்கிலம் அறியான். அவன் ஆசானின் கையைப் பார்த்தும், திருப்புளியின் நுனியை எஞ்சின்மேலும் பிடியைக் காதின்மேலும் வைத்துக் கேட்டும் கற்றான். வண்டிக்கு ‘வலிவில்லை’ என்பார் மலையாளி. ‘இழுவை இல்லை’ என்பார் தமிழர். நாமக்கல்லிலிருந்து வந்த லாரி கொச்சியில் நின்றால், இவ்விரு சொற்களும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கும், பொருள் மாறுபடுவதில்லை. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நாம், ஒவ்வொரு பாகத்திற்கும் தூய தமிழ்ப்பெயர் தேடி முயல்கிறோம். அம்முயற்சி நன்று. ஆயினும் பட்டறை ஏற்கெனவே படைத்துக்கொண்ட சொற்களையும், அவற்றோடு இயைந்த சோதனை முறைகளையும் திரட்டி எழுதுவது அதனினும் உடனடியான கடமை எனக் கருதுகிறோம்.

ஏனெனில் காலம் மாறிவிட்டது. 1994-இல் டாட்டா சுமோவும் 2000-இல் பொலேரோவும் வந்தன. பின்னர் வந்த எஞ்சின்களில் மின்னணுக் கருவியே எரிபொருளை அளக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைவிதி நடைமுறைக்கு வந்தது. இவற்றில் ஸ்கேனரைச் செருகினால் பிழைக்குறியீடு தோன்றும். பழைய நட்டுத் தளர்த்தும் சோதனையை இவற்றில் செய்தலாகாது. குழாயில் வளிமண்டலத்தைப் போல் 1,000 மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தம் உள்ளமையால், சீறும் டீசல் தோலைத் துளைத்துவிடும். ஆனால் ஸ்கேனரும் நோயின் குறியையே சொல்கிறது. நோயின் வேரைச் சொல்வதில்லை. ஓர் உணர்கருவி பழுது என்று திரையில் தோன்றும். உண்மையில் அதற்குச் செல்லும் கம்பியின் முனையில் துரு ஏறியிருக்கும். ஜீப்பின் ‘எர்த்’ இணைப்பு கற்பித்த பாடமே இங்கும் பயன்படுகிறது.

பழைய வண்டிகளின் பயனை 2018 ஆகஸ்டு வெள்ளம் உணர்த்திற்று. கடற்கரை மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஆலுவா, செங்கன்னூர் முதலிய இடங்களுக்கு விரைந்து பல்லாயிரவரைக் காத்தனர். வெள்ளம் வடிந்தபின் வேறொரு பாடம் வந்தது. மூழ்கிய வண்டியின் சாவியை அவசரப்பட்டுத் திருப்பினால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்க மறுத்துக் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். பாட்டரியைக் கழற்றி, இன்ஜெக்டரையோ பிளக்கையோ எடுத்து நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றியபின்னரே எஞ்சினைச் சுழற்றவேண்டும். இதை அறிந்தவர் ஆயிலுக்குச் செலவிட்டனர். அறியாதவர் எஞ்சினுக்கே செலவிட்டனர்.

2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டபின், கன்டெய்னர் போக்குவரத்து வெல்லிங்டன் தீவை விட்டு அங்கே சென்றது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய லாரிகள் சாலையை விட்டு அகல்வது புகை குறைவதற்கு நன்மையே. ஆனால் ஒரே வண்டியை நம்பிப் பிழைக்கும் சொந்தக்கார ஓட்டுநருக்குப் புதியது உடனே கைகூடுவதில்லை. அவர் நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடனில் புதியது வாங்காமலிருப்பதும், மலையிறக்கத்தில் உயிரோடு வீடு திரும்புவதும், குறையின் காரணத்தை முறையாகத் தேடும் ஒரு மெக்கானிக்கைச் சார்ந்தவை. அம்முறையைக் கற்றுத் தேர்ந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் சொல்லக் கேட்டு, அவர்தம் சொற்களிலேயே, தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க இதுவே தக்க காலம். தொழிற்பயிற்சி நிலையங்களும் வானொலியும் இப்பணியில் கைகோக்குமாயின், பஜார் சாலையில் நிற்கும் லாரியின் வரலாறும் ஏட்டில் இடம்பெறும்.